இட்டேரி முள்ளும் இரண்டு தௌ பெயின்ட்டும்: கார் கீறலை வீட்டில் எதுவரை எடுக்கலாம்?

காங்கயம், தாராபுரம் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்கு விருந்துக்குப் போய் வந்த காரை அடுத்த நாள் காலை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். முன் மட்கார்டில் ஆரம்பித்து பின் கதவு வரைக்கும், இரண்டு பக்கமும், நீள நீளமாகக் கோடு விழுந்திருக்கும். கிளுவை வேலிக்கு நடுவே மாட்டு வண்டி போக விட்ட இட்டேரியில் இன்றைக்கு நாம் எஸ்யூவி ஓட்டுகிறோம். எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் வேலியை ஒட்டித்தான் ஒதுங்கியாக வேண்டும், ஒதுங்கினால் முள் சும்மா விடுமா? டவுனில் இருப்பவர்களுக்கு முள் தொல்லை இல்லையே தவிர, திருப்பூரில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் சந்துக்குள் நுழைகிற பைக் ஹேண்டில்பார் இருக்கிறது, கோயமுத்தூரில் முகூர்த்த நாள் மண்டபத்துப் பார்க்கிங் இருக்கிறது.

கோடு விழுந்ததும் நாலு பேரிடம் கேட்போம். "தேச்சாப் போயிருமுங்க, அரை மணி நேர வேலை" என்பார் ஒருத்தர். "அதைத் தொடவே தொடாதீங்க, இருக்கிற பெயின்ட்டும் போயிரும்" என்பார் இன்னொருத்தர். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், அவரவர் பார்த்த கீறல் வேறு வேறு. உங்கள் வண்டியில் விழுந்த கீறல் எந்த அடுக்கில் போய் நின்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் யார் பேச்சைக் கேட்பது என்பது தெரிந்துவிடும். அதனால் எந்த டப்பாவை வாங்குவது என்று கடைக்குப் போவதற்கு முன்னால் இந்த அடுக்குக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இப்போது வருகிற கார்களுக்கு ஒரே பூச்சாகப் பெயின்ட் அடிப்பதில்லை. தகட்டை பாஸ்பேட் கரைசலில் கழுவி, அப்புறம் வண்டியின் கூட்டை அப்படியே தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பூச்சு ஏற்றுவார்கள். அதுதான் இ-கோட், சுமார் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), துருவைத் தடுப்பது அதன் வேலை. அதற்கு மேல் பிரைமர் 30 முதல் 40 மைக்ரான். அதற்கும் மேல்தான் நாம் ஆசைப்பட்டு எடுத்த கலர், பேஸ் கோட், அது வெறும் 15, 20 மைக்ரான். கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பு முழுக்க இந்தக் கடைசி அடுக்கிலிருந்துதான் வருகிறது. எல்லாவற்றையும் கூட்டினாலும் தகட்டிலிருந்து மேற்பரப்பு வரைக்கும் 100 முதல் 130 மைக்ரானுக்குள் முடிந்துவிடும். லேத் பட்டறைக் கணக்கில் சொன்னால் ஒரு தௌ என்பது 25 மைக்ரான், ஆக கிளியர் கோட் மொத்தமே ஒன்றரை, இரண்டு தௌ. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு டர்னரிடம் உப்புத்தாளைக் கொடுத்து, "அரை தௌக்கு மேல போகாம கையிலேயே தேச்சுக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், மைக்ரோமீட்டர் இல்லாமல் தொட மாட்டார். நாம் அதை வீட்டு வாசலில், மைக்ரோமீட்டர் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே செய்யப் பார்க்கிறோம்.

கம்பவுண்ட், பாலிஷ் எல்லாம் கீறலை நிரப்பி மூடுகின்றன என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிரப்புவதில்லை. அதற்குள் இருப்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்ணிய தேய்ப்புத் தூள். கீறல் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள பெயின்ட்டை இறக்கிவிடுகிறோம், லேத்தில் ஃபேஸிங் அடித்துக் குழியைக் காணாமல் செய்கிற அதே வேலைதான். 5 மைக்ரான் ஆழக் கீறலை முழுசாக எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் கிளியர் கோட்டை 5 மைக்ரான் குறைத்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. அப்படிக் குறைத்தது திரும்ப வளராது. போதாததற்கு வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற பொருளும் அந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் கலந்திருக்கிறது. அடிக்கடி ரப்பிங் கம்பவுண்ட் போட்டுத் தேய்த்து மெலியவிட்ட வண்டிகள்தான் சில வருடத்தில் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டாகக் கிளம்பி உரிய ஆரம்பிக்கின்றன. அதற்கப்புறம் எந்தப் பாலிஷும் உதவாது, பெயின்ட் பட்டறைதான்.

சரி, எந்த அடுக்கு என்று எப்படிப் பார்ப்பது? முதலில் கழுவ வேண்டும், தூசியோடு எதையும் தேய்த்துப் பார்க்கக் கூடாது. கழுவும்போதே ஒரு சோதனை நடந்துவிடும். தண்ணீர் நிற்கும்போது கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் கீறல் கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் கலருக்கு ஒன்றும் ஆகவில்லை. நமக்கு வெள்ளையாகத் தெரிவது பள்ளத்தின் விளிம்பில் பட்டுச் சிதறுகிற வெளிச்சம். தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பினால் வெளிச்சம் சிதறுவது குறைகிறது, கோடும் மறைகிறது. நனைத்தும் மறையாமல் அப்படியே நின்றால் கலரையோ அதற்கும் கீழேயோ தொட்டுவிட்டது என்று பொருள்.

அடுத்தது நகம். கோட்டுக்குக் குறுக்காக விரல் நகத்தை லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தேய்த்தே எடுத்துவிடலாம். லேசாகத் தட்டுப்பட்டால் குறைக்கலாம், முழுசாகப் போகாது. நன்றாகச் சிக்கி நின்றால் அது தேய்ப்பு வேலையே கிடையாது. உள்ளே என்ன நிறம் என்றும் பாருங்கள். சாம்பலோ மங்கிய வெள்ளையோ என்றால் பிரைமர், மினுமினுப்பாக உலோகம் தெரிந்தால் தகடு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே உள்ளே கறுப்பாகத் தெரியும், துருப்பிடிக்கப் போவதில்லை, அதனால் பம்பர் கீறலுக்கு அவசரமே இல்லை. கதவிலோ மட்கார்டிலோ தகடு தெரிந்தால் அப்படி விட முடியாது. சென்னை மாதிரி உப்புக்காற்று இங்கே இல்லை, அதனால் மெதுவாகத்தான் துரு ஏறும், ஆனாலும் ஐப்பசி மழையில் ஒரு மாதம் நனைந்தால் செம்பழுப்பாகக் கோடு விழுந்துவிடும்.

கீறலே இல்லாத கீறலும் உண்டு. சுவரில் உரசிய காரில் அந்தச் சுவரின் சுண்ணாம்பு, இன்னொரு வண்டி உரசியதில் அந்த வண்டியின் பெயின்ட், இதெல்லாம் நம் பெயின்ட்டின் மேல் ஒட்டிக்கொண்டு பெரிய கீறல் மாதிரி பயமுறுத்தும். கம்பெனியில் அடித்த பெயின்ட்டைச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து இறுக்கியிருப்பார்கள், அதனால் துணியில் கொஞ்சம் டர்பன்டைனோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் ஒட்டிய பெயின்ட் வந்துவிடும், அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய வண்டியை வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த பாகத்துக்கு இந்த 140 டிகிரிக் கதை பொருந்தாது, அதிலும் மலிவாக என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்திருந்தால் தின்னர் பட்ட இடத்தில் அப்படியே கரைந்து துணியோடு வந்துவிடும். கண்ணில் படாத ஒரு மூலையில், கதவைத் திறந்தால் தெரிகிற உள்விளிம்பில், முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வெளியே கை வையுங்கள்.

முள்ளும் ஹேண்டில்பாரும் போடுகிற கீறலை விட நம் கையாலேயே போடுகிற கீறல்தான் நம் ஊர் வண்டிகளில் அதிகம் என்று நான் நினைக்கிறேன். கறுப்போ கருநீலமோ வண்டியைத் தெருவிளக்குக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிலந்தி வலை மாதிரி தெரியும். அத்தனையும் துடைத்ததில் வந்த கோடுகள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும், அதோடு காரணம்பேட்டைப் பக்கத்துக் கல் கிரஷர் தூசியும் சேரும். இந்தத் தூசியில் குவார்ட்ஸ் நிறைய இருக்கிறது. அதன் கடினம் மோஸ் அளவில் 7, கண்ணாடியே 5.5தான். அப்படிப்பட்ட தூசி படிந்த பானெட்டைக் காலையில் ஆபீஸ் போகிற அவசரத்தில் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுக்கிறோம்.

அந்தத் துணியும் என்ன துணி? திருப்பூர் பனியன் வேஸ்ட். கிலோ கணக்கில் கிடைக்கிறது, பருத்தி, மெத்தென்று இருக்கும், ஆயில் துடைக்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒரு துண்டை எடுத்து விரித்துப் பாருங்கள், ஓரத்தில் ஓவர்லாக் தையல் முடிச்சுப் போட்டுக் கயிறு மாதிரி இறுகியிருக்கும், சிலதில் லேபிள் அப்படியே இருக்கும், சிலதில் ரப்பர் பிரிண்ட் காய்ந்து சொரசொரவென்று இருக்கும். போன வாரம் சக்கரம் துடைத்த துண்டாகவும் இருக்கலாம். அதை இன்ஜின் பக்கத்துக்கு வைத்துக்கொண்டு, பெயின்ட்டுக்கு மட்டும் மைக்ரோஃபைபர் துணி தனியாக வாங்கிவிடுங்கள். வண்டிக்குக் கவர் போட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் சரிப்படாது, ஆடிக் காற்றில் கவர் அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே மாட்டிய மணல் நாள் முழுக்க பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அழுக்கு வண்டிக்குக் கவர் போடுவதை விடச் சும்மா வேப்ப மரத்தடியில் விட்டுவிடலாம்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் இன்னொரு காட்சி. பானெட்டில் வைத்த சந்தனம் காய்ந்து பொருக்காகி நிற்கும், அதை நகத்தாலும் காய்ந்த துணியாலும் சுரண்டுவார்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, பொட்டு வைத்த அன்றே சாயங்காலம் ஈரத்துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். குங்குமமும் மஞ்சளும் வெள்ளைக் காரில் கறை விடும், நம் ஊரில் வேட்டியும் வெள்ளை, காரும் வெள்ளை, இரண்டிலும் அந்தக் கறை போவது கஷ்டம்தான்.

போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் விழுகிற வெள்ளைப் புள்ளிகளையும் சிலர் கீறல் என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, அவிநாசி, பல்லடம் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு நிச்சயம் வரும். அது சுண்ணாம்புப் படிவு. வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தொட்டுத் துடைத்து உடனே கழுவிவிட்டால் புதுப் புள்ளிகள் போய்விடும். ஃபவுண்டரி, கிரைண்டிங் பட்டறைகளுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற வெள்ளை வண்டிகளில் சின்னச் சின்னதாக ஆரஞ்சுப் புள்ளி வரும், பெயின்ட்டில் குத்தி நிற்கிற இரும்புத் துகள் துருப்பிடித்தது அது. தேய்ப்பதற்கு முன் கிளே பார் என்கிற களிமண் கட்டியை ஷாம்பு தண்ணீர் விட்டு வழுக்கி ஓட்டினால் இவையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இதைச் செய்யாமல் பாலிஷ் போட்டால் அந்த இரும்புத் துகளே துணியில் மாட்டிப் புதுக் கோடு போடும்.

இனி, கீறலில் பற்பசை தேய்க்கச் சொல்கிற யோசனை. இது வேலை செய்யுமா என்றால், கொஞ்சம் செய்யும். அதற்குள் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ தேய்ப்புப் பொருளாக இருக்கிறது, நகம் வழுக்கிப் போகிற மெல்லிய கோடுகளைக் கொஞ்சம் மங்க வைக்கும். ஆனால் பல்லுக்காகச் செய்தது, பெயின்ட்டுக்குச் செய்த கம்பவுண்ட் சின்ன டியூப்பில் கிடைக்கும்போது ஏன் இதோடு மல்லுக்கட்ட வேண்டும்? பல்பொடி வேண்டவே வேண்டாம், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அந்த நாரிலேயே தேய்ப்புத் தூள் ஒட்டியிருக்கிறது, ஒரே இழுப்பில் கைப்பிடி அகலத்துக்கு மங்கிவிடும். தேங்காய் எண்ணெயும் டபிள்யூடி-40 என்கிற எண்ணெய் ஸ்ப்ரேயும் வேறு ரகம். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.45 அளவில், கிளியர் கோட்டுக்கு 1.5 அளவில், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எண்ணெய் பள்ளத்தை நிரப்பினால் கண்ணுக்குப் பள்ளமே தெரியாது. வீடியோவில் கீறல் மாயமாவது இப்படித்தான். இரண்டு தடவை கழுவினால் திரும்ப வந்து நிற்கும். கடையில் விற்கிற சில கீறல் நீக்கிகளும் மெழுகையும் சிலிகானையும் வைத்து இதே வித்தையைத்தான் செய்கின்றன. போட்டு முடித்ததும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள், கோடு திரும்பி வந்தால் நிரப்பல், வராவிட்டால் உண்மையிலேயே போய்விட்டது. பழைய வண்டி வாங்கும்போதும் இந்தச் சோதனை நன்றாக உதவும்.

நகத்தில் தட்டுப்படாத கோட்டுக்குக் கை வேலையே போதும். நேரம் முக்கியம், பங்குனி சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பானெட்டில் கையே வைக்க முடியாது, கம்பவுண்ட் போட்ட உடனே காய்ந்து பொடியாகிவிடும். காலையில், நிழலில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். கோட்டைச் சுற்றி ஒரு அடிக்கு ஒரு அடி இடம் போதும். பஞ்சு அப்ளிகேட்டரில் பட்டாணி அளவு கம்பவுண்ட், முதலில் கோட்டுக்குக் குறுக்காக, அப்புறம் அதே திசையில், நேர் நேர் இழுப்பாக ஒன்றிரண்டு நிமிடம், சுத்தமான மைக்ரோஃபைபரில் துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. இன்னும் இருந்தால் இன்னொரு முறை. மூன்றாவது முறைக்கும் அதே மாதிரி இருந்தால் அது கையால் போகிற கீறல் இல்லை, விட்டுவிடுங்கள். கடைசியில் மெல்லிய பாலிஷ் ஒரு தடவை, மேலே மெழுகு. துணி எதைக் கொண்டுவருகிறது என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துணியில் வண்டியின் கலர் ஏறினால் நிறுத்துங்கள், கிளியர் கோட் தீர்ந்து பேஸ் கோட்டைத் தேய்க்கிறீர்கள். வீட்டில் இன்னும் ஒரு அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது, அந்தக் காலத்து ஒரே ரகப் பெயின்ட்டில் கிளியர் கோட்டே இல்லை, தேய்த்தால் துணியில் கலர் வரத்தான் செய்யும்.

மெஷின் இருந்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். நம் ஊரில் அதுதான் ஆபத்து, ஏனென்றால் பாதி வீட்டில் ஒரு ஆங்கிள் கிரைண்டர் கிடக்கும், அதில் ஒரு பஃப்பை மாட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும், பெயின்ட் பாலிஷ் செய்கிற ரோட்டரி மெஷின் 600 முதல் 3,000 சுற்றுக்குள் ஓடும். பம்ப் பாடியை பஃப்பிங் அடிக்கிற வேகத்தில் கார் கதவைத் தொட்டால் கிளியர் கோட் சூட்டில் கருகிக் குழைந்துவிடும். வாங்குவதென்றால் டூயல் ஆக்ஷன் மெஷின் வாங்குங்கள், அது சுற்றிக்கொண்டே தள்ளாடும், ஒரே இடத்தில் சூடு சேராது. புதுக் கைக்கு அதுதான் பொருத்தம். எந்த மெஷினாக இருந்தாலும் கதவின் மடிப்புக் கோடு, பானெட்டின் விளிம்பு இங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து வழிந்து மெலிந்திருக்கும், முதலில் கழன்று வருவது அங்கேதான்.

நகத்தில் லேசாகத் தட்டுப்படுகிற கீறலுக்கு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், போடச் சொல்வார்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு பழைய மட்கார்டை வாங்கி அதில் கை பழகிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும். 2000 நம்பர் தாள், அப்புறம் 3000, இதற்குக் கீழே இறங்கவே கூடாது, நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும், ஹார்டுவேர் கடையில் கேட்டால் கதவுக்குப் பெயின்ட் அடிக்கத் தேய்க்கிற 400ஐ எடுத்துக் கொடுப்பார்கள், கவனம். பேப்பரைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, ரப்பர் கட்டையில் சுற்றிப் பிடிக்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் மட்டும் வாய்க்கால் மாதிரி இறங்கிவிடும். நாலைந்து இழுப்பு, துடை, பார், திரும்ப நாலைந்து இழுப்பு. ஓடி வருகிற தண்ணீர் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும் வரை கிளியர் கோட்தான் போகிறது, அதில் கலர் தெரிந்த நிமிடம் கையை எடுத்துவிட வேண்டும். வெள்ளை வண்டிக்காரர்களுக்கு இந்த எச்சரிக்கையே கிடையாது, தேய்ந்து வருகிற கிளியர் கோட் தண்ணீரும் வெள்ளை, கலரும் வெள்ளை, அதனால்தான் வெள்ளைக் காரில் வாட்டர் பேப்பர் போடுவதை நான் தடுப்பேன். தேய்த்து முடித்ததும் அந்த இடம் முழுக்க மங்கிப் போயிருக்கும், பயப்பட வேண்டாம், 3000 பேப்பரும் கம்பவுண்ட்டும் சேர்ந்து பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரும். கோடு முழுசாகப் போகும்வரை தேய்க்க வேண்டியதும் இல்லை. விளிம்பு மழுங்கினாலே வெளிச்சம் சிதறுவது நின்றுவிடும், நாலடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. முழுசாக எடுத்தே தீர்வேன் என்று நிற்பவர்கள்தான் கலரைத் தொடுகிறார்கள்.

பிரைமரோ தகடோ தெரிகிற கீறலைத் தேய்ப்பதில் அர்த்தமே இல்லை, அங்கே டச்-அப் பெயின்ட். வண்டியின் கலர் குறியீடு கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், மாருதியின் முத்து வெள்ளைக்கு இசட்எச்ஜே என்று இருப்பது மாதிரி. கலர் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் சரியாக அமையாது, குறியீட்டைச் சொல்லுங்கள். துரு இருந்தால் சின்னத் துண்டு உப்புத்தாளைப் பல்குத்தும் குச்சியில் சுற்றிக் கோட்டுக்குள் மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, தகடு தெரிகிற இடத்தில் பிரைமர் ஒரு கோடு. டச்-அப் பாட்டிலோடு வருகிற பிரஷ் இந்த வேலைக்குத் தடிமன், கோட்டுக்கு வெளியே பரவிவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டைத் தொட்டுக் கோட்டுக்குள் வைத்தால் அது தானாக ஓடி நிரம்பிக்கொள்ளும். காய்ந்ததும் உள்ளே சுருங்கும், அதனால் மறுநாள் இன்னொரு முறை, இன்னும் தேவைப்பட்டால் அடுத்த நாளும். சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும் கிளியர் வைத்து, ஒரு வாரம் தொடாமல் விட்டு, அப்புறம் 3000 பேப்பரில் சமன்படுத்திப் பாலிஷ் போடலாம். பாதிப் பேர் இந்த ஒரு வாரத்தைப் பொறுக்க முடியாமல் மறுநாளே தேய்த்து, வைத்த பெயின்ட்டைத் துணியோடு எடுத்துவிடுவார்கள்.

சாதா வெள்ளை, சாதா சிவப்பு என்றால் இது நன்றாகவே அமையும். சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் கலரில் அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பெயின்ட்டுக்குள் இருக்கிற அலுமினியச் செதில்கள் ஸ்ப்ரேயில் அடிக்கும்போது ஒரு விதமாகப் படுத்துக்கொள்ளும், குச்சியால் வைக்கும்போது தாறுமாறாக நிற்கும், ஒரே டப்பாப் பெயின்ட்டே ஒரு பக்கம் பார்த்தால் கறுப்பாகவும் இன்னொரு பக்கம் வெளுப்பாகவும் தெரியும். பட்டறைக்காரர்களே மெட்டாலிக் கதவு ஒன்றுக்குப் பெயின்ட் அடித்தால் பக்கத்துக் கதவு வரைக்கும் லேசாகக் கலந்துவிடுவது இதனால்தான். துரு பிடிக்காமல் அடைத்துவிட்டோம் என்ற அளவில் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஸ்ப்ரே கேன் வாங்கி நாமே அடித்துவிடலாம் என்று இறங்குபவர்களுக்கு ஒன்று: சாதாரண கேனில் வருகிற கிளியர் பெட்ரோல் சிந்தினாலே இளகிவிடும், கெட்டியாக நிற்பது ஹார்டனர் கலந்த 2கே ரகம், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடியது. கொரோனா காலத்துத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் விளையாடுகிற வாசலில் அடிக்கிற பொருளே கிடையாது.

இவ்வளவையும் தவிர்க்க செராமிக் கோட்டிங் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், தண்ணீர் நிற்காது, கழுவச் சுலபம். முள்ளுக்கு அது தடையில்லை, அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். 9எச் கடினம் என்று விளம்பரத்தில் போடுவது பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையின் அளவு, மோஸ் அளவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, கிரஷர் தூசிக்கு அது தெரியாது. முள்ளை உண்மையிலேயே தாங்குவது பிபிஎஃப் எனப்படும் பிளாஸ்டிக் படலம், 150 முதல் 200 மைக்ரான் தடிமன், வண்டியின் மொத்தப் பெயின்ட்டை விடத் தடிமன். நல்ல ரகப் படலத்தில் விழுகிற மெல்லிய கோடு வெயில் சூட்டில் தானே மறைந்துவிடும். முழு வண்டிக்கும் போட்டால் பணம் எக்கச்சக்கமாக ஆகும். வாரம் தவறாமல் இட்டேரியில் போய் வருகிறவர்கள் இரண்டு பக்கத்துக் கதவுகளுக்கும் மட்கார்டுக்கும் மட்டும் போட்டுக்கொள்வது எனக்கு நியாயமான செலவாகத் தெரிகிறது.

கடைசியில் இன்ஷூரன்ஸ். ஒரு கதவுக் கீறலுக்குக் கிளெய்ம் போடுவது பெரும்பாலும் நஷ்டம். 1500 சிசி வரை உள்ள வண்டிக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும், அதற்கு மேல் சிசி என்றால் 2,000. பெயின்ட் பொருளின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் இருந்தால் மொத்தப் பெயின்ட் செலவில் 25 சதவீதத்தைப் பொருள் என்று எடுத்துக்கொண்டு அதில் பாதி. ஜீரோ டெப் பாலிசி இருந்தால் இந்தக் கழிவு இருக்காது. இதையெல்லாம் விடப் பெரியது நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, முதல் வருடம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரைக்கும் ஏறியிருக்கும், ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் ஒரு கதவு என்றால் பட்டறையில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, போனஸில் போகப்போகிற தொகையோடு வைத்துப் பாருங்கள். இட்டேரியில் போய் இரண்டு பக்கமும் நாலு கதவும் மட்கார்டும் சேர்ந்து கோடு வாங்கியிருந்தால் கணக்கே வேறு, அப்போது கிளெய்ம்தான் லாபமாக வரும். ஆனால் தேய்த்துப் பார்த்துவிட்டு, வாட்டர் பேப்பரும் போட்டு மங்க வைத்துவிட்டு, அப்புறம் கிளெய்முக்குப் போனால் சர்வேயர் எது முள், எது நம் கைவேலை என்று கேட்பார். போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கம்பவுண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.